உதிரிக் குவியலுக்குள் ஒரு விண்கலம்: பழைய லெகோ செட்டுகளுக்கு ஓர் அறிமுகம்

பரணிலிருந்து டப்பாவை இறக்கும்போதே உள்ளே கட்டைகள் சரியும் சத்தம் கேட்டது. சிறுவயதில் லெகோ வைத்து விளையாடியவர்களுக்கு அந்தச் சத்தம் மறக்கவே மறக்காது. கரையில் கிடக்கும் கூழாங்கற்களை அலை இழுத்துக்கொண்டு போவதுபோல ஒரு சலசலப்பு. மூடியைத் திறந்து கையை விட்டுத் துழாவினேன். சிவப்பு, வெள்ளை, நீலம், சாம்பல் எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடந்தன. அடியில் ஒரு சிவப்பு விண்வெளி வீரன். அவனுடைய தலைக்கவசம் தாடைப் பக்கம் உடைந்திருந்தது. கொஞ்சம் தள்ளி ஒரு மஞ்சள் நிறக் கண்ணாடித் துண்டு. விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, அது என் விண்கலத்தின் முன்கண்ணாடி. அப்படியென்றால் மீதி விண்கலமும் இதே குவியலுக்குள்தானே இருக்க வேண்டும்?

அதைத் தேடி எடுத்து முழுசாக நிறுத்த எனக்கு நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதத்தில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு டப்பா இருந்தால், எதையும் வாங்குவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

லெகோ ரசிகர்களிடையே ஒரு சொல் உண்டு: டார்க் ஏஜ், அதாவது இருண்ட காலம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் கட்டைகளை மூட்டைகட்டி வைத்துவிட்டு, முப்பதிலோ நாற்பதிலோ மறுபடி கையில் எடுக்கிறோம் இல்லையா, இடைப்பட்ட அந்த வருடங்களுக்குத்தான் அந்தப் பெயர். கிட்டத்தட்ட எல்லாப் பெரியவர்களுக்கும் அப்படி ஓர் இடைவெளி இருக்கிறது. திரும்பி வரும்போது பலரும் முதலில் செய்வது, சிறுவயதில் ஆசைப்பட்டுக் கிடைக்காத பெரிய செட்டைத் தேடிப்போய் வாங்குவது. அதில் தப்பில்லை. ஆனால் கையில் இருக்கும் குவியலிலிருந்து தொடங்குவதுதான் நல்லது என்பது என் கருத்து. ஏன் என்று புரிய, செட் என்பது உண்மையில் என்ன என்று முதலில் பார்க்க வேண்டும்.

செட் என்பது ஒரு பட்டியல்

செட் என்றதும் நமக்குப் படம் போட்ட அட்டைப் பெட்டிதான் நினைவுக்கு வரும். சேகரிப்பவர்கள் அதை வேறு மாதிரி பார்க்கிறார்கள். அவர்களுக்குச் செட் என்பது ஓர் எண்ணும் ஒரு பட்டியலும். இந்த எண்ணுள்ள செட்டில் இந்த வடிவத்தில், இந்த நிறத்தில், இத்தனை கட்டைகள். அவ்வளவுதான். பெட்டி கிழிந்து போயிருக்கலாம், செய்முறைப் புத்தகம் தொலைந்திருக்கலாம். பட்டியலில் உள்ள கட்டைகள் எல்லாம் சேர்ந்துவிட்டால் அந்தச் செட் மறுபடி உயிரோடு வந்துவிடும்.

இது சாதாரண விஷயமாகத் தோன்றலாம். மற்ற பழைய பொம்மைகளை நினைத்துப் பாருங்கள். ஒரு தகரக் காரின் கதவு தொலைந்தால், அதே காரின் இன்னொரு கதவு கிடைப்பது குதிரைக்கொம்பு. லெகோவில் அப்படி இல்லை. ஒரு விண்கலத்தின் இறக்கையில் இருக்கும் சாம்பல் தட்டு, அதே வருடம் வந்த ஒரு கோட்டையிலோ ரயில் நிலையத்திலோ கூட இருந்திருக்கும். உலகம் முழுக்கப் பரண்களில் அதே தட்டு லட்சக்கணக்கில் கிடக்கிறது. உங்களுடையது தொலைந்தாலும் அதன் உடன்பிறப்பு எங்கேயோ இருக்கிறது.

இது சாத்தியமானதற்கு ஒரு நாளைச் சொல்லலாம்: 1958 ஜனவரி 28. டென்மார்க்கின் பில்லுண்ட் என்ற சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் 1932ல் தொடங்கிய மரப் பொம்மைப் பட்டறைதான் லெகோ. 1934ல் அந்தப் பெயர் வந்தது. டேனிஷ் மொழியில் ‘நன்றாக விளையாடு’ என்று பொருள்படும் இரண்டு சொற்களின் தொடக்கங்களைச் சேர்த்தால் லெகோ. 1949ல் அவர்கள் முதல் பிளாஸ்டிக் கட்டைகளை விற்றார்கள். ஹிலரி ஃபிஷர் பேஜ் என்ற ஆங்கிலேயர் வடிவமைத்த கிடிகிராஃப்ட் கட்டைகளைப் பார்த்துச் செய்தவை அவை. மேலே குமிழ்கள் இருந்தன, அடியில் ஒன்றும் இல்லை, வெறும் கூடு. அடுக்கினால் நிற்கும், தூக்கினால் கழன்றுவிடும். ஓலேயின் மகன் கோட்ஃப்ரெட்தான் கட்டையின் அடியில் குழாய்களை வைக்கும் முறைக்கு அந்த ஜனவரி 28ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

ஒரு எட்டுக்குமிழ்க் கட்டையைத் திருப்பிப் பாருங்கள். அடியில் மூன்று குழாய்கள் தெரியும். கீழே இருக்கும் கட்டையின் குமிழ், இந்தக் குழாய்க்கும் பக்கச்சுவருக்கும் நடுவில் போய்ச் சிக்கிக்கொள்கிறது. பிளாஸ்டிக் கொஞ்சம் வளைந்து கொடுத்து, பிறகு இறுக்கிப் பிடிக்கிறது. அந்தப் பிடி ஒரு குழந்தை பிரிக்கும் அளவுக்குத் தளர்வாகவும், கட்டியதைத் தூக்கிக்கொண்டு ஓடும் அளவுக்கு இறுக்கமாகவும் இருக்க வேண்டும். அதற்கு அளவுகள் தலைமுடியின் தடிமனைவிட நுணுக்கமாக அமைய வேண்டும். ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடுவுக்கு 8 மில்லிமீட்டர். கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர். தட்டையான கட்டையை நான் தட்டு என்கிறேன், அதன் உயரம் 3.2. மூன்று தட்டை அடுக்கினால் சரியாக ஒரு கட்டை. இந்த அளவுகள் இன்றுவரை மாறவில்லை. அதனால் 1960களின் கட்டை மேல் இந்த வருடம் வாங்கிய கட்டையை அழுத்தினால் அது உட்கார்ந்துகொள்ளும். ஒரே நிறத்தில் ஆறு எட்டுக்குமிழ்க் கட்டைகளை எத்தனை விதமாகச் சேர்க்கலாம் என்று கோபன்ஹேகனைச் சேர்ந்த கணிதப் பேராசிரியர் சோரன் ஐலர்ஸ் கணக்குப் போட்டிருக்கிறார். விடை 91,51,03,765. ஆறே ஆறு கட்டைகள்! எனக்கு இன்னும் மலைப்பாகத்தான் இருக்கிறது.

எது பழசு?

இத்தனை வருடம் ஆனால்தான் பழைய செட் என்று யாரும் கோடு போட்டு வைக்கவில்லை. எது எந்தக் காலத்தது என்று அடையாளம் காணச் சில திருப்பங்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

1963க்கு முன்னால் வந்த கட்டைகள் செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்தவை. காலப்போக்கில் அவை நெளிந்துவிடும். மேசையில் வைத்தால் ஒரு மூலை தூக்கிக்கொண்டு நிற்கும், மற்றவற்றோடு சரியாகப் பிடிக்காது. 1963ல் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். நிறமும் வடிவமும் நீண்ட காலம் நிற்பது அதனால்தான். எனவே உங்கள் டப்பாவில் நெளிந்த கட்டைகள் இருந்தால் எறிந்துவிடாதீர்கள், தனியாக எடுத்து வையுங்கள். அவை தாத்தா காலத்துக் கட்டைகளாக இருக்கலாம்.

அடுத்த பெரிய வருடம் 1978. கையும் காலும் அசையும் குட்டி மனிதர்கள், அதாவது மினிஃபிகர்கள், வந்தது அப்போதுதான். யென்ஸ் நிகோர் நுட்சன் என்பவர் வடிவமைத்தது. நகரம், கோட்டை, விண்வெளி என்ற மூன்று உலகங்களும் அதே வாக்கில்தான் வந்தன. மஞ்சள் கோட்டை என்று ரசிகர்கள் கொண்டாடும் 375ம் எண் செட் 1978ஐச் சேர்ந்தது. கேலக்ஸி எக்ஸ்ப்ளோரர் என்ற பெரிய விண்கலம் 1979. ஒரே செட்டுக்கு ஐரோப்பாவில் 928 என்றும் அமெரிக்காவில் 497 என்றும் எண். புதிதாகத் தேடுபவர்கள் இந்த இடத்தில் குழம்பிப் போவார்கள். ஒரே செட்டுக்கு இரண்டு எண் இருந்தால் அதிர்ச்சி அடைய வேண்டாம்.

1989ல் கடற்கொள்ளையர்கள் வந்தார்கள். அதுவரை எல்லா மினிஃபிகருக்கும் ஒரே முகம்தான், இரண்டு கறுப்புப் புள்ளியும் ஒரு சிரிப்பும். கொள்ளையர்களுக்குத்தான் முதன்முதலாகத் தாடி, கண்பட்டி, முறைப்பு எல்லாம் கிடைத்தன. ரயில்கள் தனி உலகம். 1966ல் 4.5 வோல்ட், 1969ல் 12 வோல்ட், 1991ல் 9 வோல்ட் என்று மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. ஒன்றின் மோட்டார் இன்னொன்றின் தண்டவாளத்தில் ஓடும் என்று சொல்ல முடியாது. தொடக்கத்திலேயே ரயில் பக்கம் போக வேண்டாம் என்பேன்.

கடைசித் திருப்பம் 2004ஐ ஒட்டியது. இது கண்ணுக்கே தெரியும், வேலைக்கும் உதவும். அந்தச் சமயத்தில் சாம்பல் நிறங்களையும் பழுப்பையும் நிறுவனம் மாற்றிவிட்டது. பழைய சாம்பலில் லேசாக மஞ்சள் ஓடும், புதிய சாம்பலில் நீலம் ஓடும். தனித்தனியாகப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சட்டையில் ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கும். என் விண்கலத்துக்கு முதல்முறை வரவழைத்த ஆறு சாம்பல் தட்டுகளும் புது நிறத்தில் வந்து சேர்ந்தன. விற்றவர் ஏமாற்றவில்லை, அந்த வித்தியாசம் இருப்பதே எனக்குத் தெரியாது. நான் பழைய சாம்பல் என்று கேட்டிருக்க வேண்டும்.

குவியலைப் பிரிப்பது

சரி, டப்பாவைக் கொட்டிவிட்டீர்கள். இப்போது என்ன?

எல்லோருக்கும் முதலில் நிறம் நிறமாகப் பிரிக்கத்தான் கை போகும். பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் வேலைக்கு ஆகாது. சிவப்புக் குவியலுக்குள் ஒரு குட்டிச் சிவப்புத் தட்டைத் தேடிப் பாருங்கள், கண் வலிக்கும். எல்லாமே சிவப்பு என்பதால் வடிவம் கண்ணில் படாது. அதையே வடிவ வாரியாகப் பிரித்து, குட்டித் தட்டுகள் எல்லாம் ஒரு கிண்ணத்தில் இருந்தால், அதில் சிவப்பு தானாகவே துள்ளிக்கொண்டு தெரியும். நம் கண் நிறத்தைச் சட்டென்று பிடிக்கும், வடிவத்தை மெதுவாகத்தான் பிடிக்கும். அதனால் கைக்கு வடிவத்தைக் கொடுத்துவிட்டு, நிறத்தைக் கண்ணுக்கு விட்டுவிடுங்கள். நான் ஒரு வார மாலைப்பொழுதுகளை நிறம் பிரிப்பதில் கழித்து, அப்புறம் எல்லாவற்றையும் மறுபடி கொட்டிக் கலந்தேன்.

பல கட்டைகளின் அடியில் பொடி எழுத்தில் ஓர் எண் அச்சாகியிருக்கும். சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரியும். எட்டுக்குமிழ்க் கட்டைக்கு 3001, நான்குக்குமிழ்ச் சதுரத்துக்கு 3003, எட்டுக்குமிழ்த் தட்டுக்கு 3020. அது அந்த வடிவத்தின் எண், செட்டின் எண் அல்ல. பெயர் தெரியாத ஒரு விசித்திரக் கட்டை கையில் சிக்கினால் அந்த எண்ணை வைத்துத் தேடலாம். அது எந்த நிறத்தில், எந்த வருடங்களில், எந்தெந்த செட்டுகளில் வந்தது என்று ரசிகர்கள் தொகுத்த பட்டியல்கள் இருக்கின்றன. பிரிக்செட், ரீபிரிக்கபிள், பிரிக்லிங்க் ஆகிய மூன்று தளங்கள் இதற்குப் போதும். பிரிக்லிங்க் 2000ல் ஒரு ரசிகர் தொடங்கிய உதிரிச் சந்தை. 2019ல் லெகோ நிறுவனமே அதை வாங்கிக்கொண்டது.

அதிகம் கிடைக்கும் கட்டைகளை விட்டுவிடுங்கள், அரிதானவற்றைப் பிடியுங்கள். சாதாரண சிவப்புக் கட்டை ஆயிரம் செட்டுகளில் வந்திருக்கும், அது எதையும் சொல்லாது. அச்சிட்ட கட்டை, கண்ணாடி, கொடி, ஏணி, சக்கரம், தலைக்கவசம் இவைதான் வாய் திறந்து பேசும். கேலக்ஸி எக்ஸ்ப்ளோரரில் ‘எல்எல்928’ என்றே அச்சிட்ட கட்டை உண்டு. அது ஒன்று கிடைத்தால் போதும், எந்தச் செட் என்ற கேள்வியே முடிந்தது. என் விஷயத்தில் அந்த மஞ்சள் கண்ணாடிதான் முதல் துப்பு. மஞ்சள் கண்ணாடியும் நீல, சாம்பல் உடலும் சேர்ந்தால் 1978ஐ ஒட்டிய முதல் விண்வெளி வரிசை என்று பட்டியலில் பார்த்தேன். அங்கிருந்து, ஒரே ஒரு வீரன் வரும் சின்னக் கலங்களாகத் தேடி, படத்தைப் பார்த்ததும் ‘இதுதான்’ என்று கத்திவிட்டேன்.

செய்முறைப் புத்தகம் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். பழைய புத்தகங்களில் பெரும்பாலானவற்றை யாரோ ஒருவர் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இப்போதைய புத்தகங்களில் ஒவ்வொரு படிக்கும் என்னென்ன கட்டை வேண்டும் என்று மூலையில் கட்டம் போட்டுக் காட்டுவார்கள். 1970, 80களின் புத்தகங்களில் அது கிடையாது. முந்தைய படத்தையும் இந்தப் படத்தையும் வைத்து, எங்கே என்ன கூடியிருக்கிறது என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும். ஆறு வித்தியாசம் கண்டுபிடிப்பது போலத்தான். எட்டு வயதில் இதை எப்படிச் செய்தேன் என்று நினைத்து அசந்துபோனேன். சிறுவர்களை நம்பி எழுதிய புத்தகங்கள் அவை.

கழுவுவது, வெளுப்பது

வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் மிதமான சோப்பு, பழைய பல் தேய்க்கும் பிரஷ். அவ்வளவுதான். தண்ணீர் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. சலவை இயந்திரம் வேண்டாம், பாத்திரம் கழுவும் இயந்திரம் வேண்டவே வேண்டாம். சூட்டில் கட்டை லேசாக உருமாறினால் பிடி போய்விடும், அதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. ஸ்டிக்கர் ஒட்டிய கட்டைகளையும் மோட்டார், பேட்டரி உள்ளவற்றையும் நனைக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். கழுவியதைத் துண்டில் பரப்பி நிழலில் காயவிடுங்கள். குழாய்களுக்குள் தண்ணீர் தேங்கும், நடுநடுவே புரட்டிவிட வேண்டும்.

மஞ்சளித்த கட்டைகள்தான் பலருக்கும் மனவருத்தம். வெள்ளை பழுத்துப்போகும், சாம்பல் பழுப்படையும், நீலம் லேசாகப் பச்சை தட்டும். பெரும்பாலும் வெயில் வேலை. புற ஊதாக் கதிரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து பிளாஸ்டிக்கின் மேற்பரப்பை மாற்றிவிடுகின்றன. ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசலில் கட்டைகளை மூழ்கவைத்து வெயிலில் வைத்தால் சில மணி நேரத்தில் நிறம் மீளும். நானே செய்து பார்த்தேன், கண்ணெதிரே வெள்ளை திரும்புவதைப் பார்ப்பது மந்திரம் மாதிரிதான் இருக்கிறது. குமிழி குமிழியாகக் காற்று சேர்ந்து கட்டைகள் மேலே மிதந்து வரும், அவ்வப்போது அமுக்கிவிட வேண்டும். கையுறை கட்டாயம், கண்ணில் தெறித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே சமயம் இதை எல்லாவற்றுக்கும் செய்யாதீர்கள். கொஞ்ச காலத்தில் மஞ்சள் மறுபடி தலைகாட்டலாம். பிளாஸ்டிக்கும் பலவீனப்படலாம் என்று அனுபவசாலிகள் எச்சரிக்கிறார்கள். அச்சிட்ட கட்டைகளை நான் அதில் போடுவதே இல்லை. லேசான மஞ்சள் என்றால் அப்படியே விட்டுவிடுவேன்.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். 1970களின் சில சிவப்பு, மஞ்சள் கட்டைகளின் நிறமியில் காட்மியம் என்ற நச்சு உலோகம் இருந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பெரியவர்கள் கையாள்வதற்குப் பயப்படத் தேவையில்லை. ஆனால் எதையும் வாயில் வைக்கும் வயதுக் குழந்தைகளுக்குப் பழைய கட்டைகளைக் கொடுக்காதீர்கள். அவர்களுக்குப் புதியதே இருக்கட்டும்.

முழுமை என்றால் எது முழுமை?

பழைய செட்டை விற்பவர்கள் ‘முழுமையானது’ என்று எழுதியிருப்பார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் பல படிகள் இருக்கின்றன. பெட்டியே பிரிக்காதது ஓர் எல்லை. அடுத்தது பிரித்தது, ஆனால் பெட்டி, புத்தகம், கட்டைகள் மூன்றும் இருக்கின்றன. அதற்கடுத்து பெட்டி இல்லை, புத்தகமும் கட்டைகளும் உண்டு. கடைசியில் கட்டைகள் மட்டும். இதற்கு நடுவே கேட்டுத் தெளிய வேண்டிய கேள்விகள் நிறைய. நிறங்கள் அந்தக் காலத்து நிறங்கள்தானா? ஸ்டிக்கர் அசலா, பிறகு அச்சடித்ததா? மினிஃபிகர்கள் அந்தச் செட்டுக்கு உரியவர்களா, அல்லது ஏதோ ஒரு தலையும் ஏதோ ஓர் உடலும் சேர்த்து ஆள் கணக்குக்கு நிறுத்தியவர்களா? நேர்மையான விற்பனையாளர் எல்லாவற்றுக்கும் பதில் சொல்வார், கேட்ட கோணத்தில் படமும் எடுத்து அனுப்புவார். படம் அனுப்பத் தயங்கினால் விட்டுவிடுங்கள், அதே செட் வேறு எங்காவது வரும்.

மினிஃபிகரைப் பார்க்கும்போது அக்குளுக்குக் கீழே பாருங்கள், உடல் அங்கேதான் விரிசல் விடும். கை தளர்ந்திருக்கிறதா, மார்பில் உள்ள அச்சு தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். முதல் விண்வெளி வீரர்களின் மார்பில் தங்க நிறத்தில் ஒரு கோளும் அதைச் சுற்றும் கலமும் இருக்கும். விளையாடிய விரல்கள் முதலில் அழிப்பது அதைத்தான். தலைக்கவசத்தின் தாடைப் பட்டை மெல்லியது, பழைய கவசங்களில் பாதிக்கு மேல் அங்கே உடைந்துதான் நான் பார்த்திருக்கிறேன். முழுசான ஒன்று கிடைத்தால் அடிக்கடி மாட்டிக் கழற்றாமல் விடுவது நல்லது. தலையைக் கழற்றி மேல் குமிழைப் பார்த்தால் காலமும் தெரியும். ஆரம்பகாலத் தலைகளில் குமிழ் மூடியிருக்கும். பிற்காலத்தில் திறப்பு வைத்தார்கள், குழந்தை தவறி விழுங்கினாலும் மூச்சுக்கு வழி இருக்க வேண்டும் என்பதற்காக.

போலிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அடிப்படைக் கட்டையின் காப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது, பொருந்தும் கட்டைகளை யார் வேண்டுமானாலும் செய்யலாம். அது குற்றமில்லை. ஆனால் உங்கள் பழைய செட்டில் அவை கலந்திருப்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். ஒவ்வொரு குமிழ் மேலும் லெகோ என்ற பெயர் பொடியாகப் பதிந்திருக்கும். நகத்தால் தடவினாலே தட்டுப்படும். பெயர் இல்லாத குமிழ் கண்ணில் பட்டால் தனியாக எடுத்து வையுங்கள்.

பணம் போட்டால் பெருகுமா என்று கேட்பவர்கள் உண்டு. 1987 முதல் 2015 வரையிலான விலைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு, உற்பத்தி நின்றுபோன செட்டுகளின் விலை சராசரியாக ஆண்டுக்கு 11 சதவீதம் போல ஏறியதாகச் சொல்கிறது. ஆனால் அது பிரிக்காத பெட்டிகளின் கணக்கு. சிலவற்றின் விலை பாதியாக இறங்கியும் இருக்கிறது. அந்த வழியில் போனால் பெட்டியைத் திறக்கவே முடியாது. திறக்க முடியாத கட்டைப் பெட்டியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? என் தேவை விண்கலம் பறப்பது. சிறுவயதுக் கலத்தின் உருவம் மட்டும் போதும் என்பவர்களுக்கு நிறுவனமே சில நேரம் வழிசெய்கிறது. 2022ல் தன் 90ம் ஆண்டை ஒட்டி கேலக்ஸி எக்ஸ்ப்ளோரரைப் பெரிதாக்கிப் புதிய வடிவில் வெளியிட்டார்கள். அழகான செட்.

என் கலத்துக்கு வருகிறேன். நான்காவது மாதத்தில் பட்டியலில் மூன்று கட்டைகள்தான் பாக்கி. ஒரு கீல், ஒரு தலைக்கவசம், இரண்டு குமிழ் உள்ள ஒரு சாம்பல் தட்டு. தட்டு தொலைந்துபோகவில்லை, என்னிடமே இருந்தது. ஆனால் அதன் ஓரம் முழுக்கப் பல் தடம். கட்டைகளைப் பிரிக்கும் கருவி எங்கள் கைக்கு வராத காலம் அது. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட இரண்டு தட்டுகளைப் பிரிக்க எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி பல்தான். கடித்தது நானா, தம்பியா என்று தெரியாது. தடத்தின் அளவைப் பார்த்தால் பால் பல்.

மூன்றையும் ஒரே பொட்டலமாக வரவழைத்தேன். பழைய சாம்பல் என்று இந்தமுறை மறக்காமல் கேட்டிருந்தேன். கீல் உட்கார்ந்தது, கவசம் ஏறியது, வீரன் மஞ்சள் கண்ணாடிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தான். புதிதாக வந்த தட்டை எடுத்து இறக்கையின் ஓரத்தில் வைத்து அழுத்தினேன். நிறம் அப்படியே பொருந்தியது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நகத்தால் நெம்பி அதைக் கழற்றி ஒரு சின்ன உறையில் போட்டு எண் எழுதிவைத்தேன். பல் தடம் பட்ட தட்டு அதன் பழைய இடத்துக்கே போனது. அடுத்த வாரம் தம்பி வந்தபோது கலத்தைக் கையில் எடுத்தான், இறக்கையைத் தடவினான், அந்த ஓரத்தில் விரல் நின்றது. “இது நான் கடிச்சதுண்ணா” என்றான்.